நாள் குறிப்பது நிலா, இடம் குறிப்பது காற்று

கடல் விளையாட்டு ஒன்றைப் பற்றி நான் பேசுவதாகத் தலைவர் அறிவித்திருக்கிறார். அலைமேல் ஏறிக் குட்டிக்கரணம் போடும் வீரர்களின் கதையை எதிர்பார்த்து வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அவர்களை ஆடவிடுகிறவர்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. ஓதத்தையும் காற்றையும் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஊர்ப் போட்டியை எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் விஷயம்.

விண்ட்சர்ஃபிங் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நீளப் பலகை ஒன்று, அதன் நடுவில் எந்தப் பக்கமும் சாய்கிற பாய்மரம். வீரர் பலகைமேல் நின்று பாயைக் கையால் பிடித்துக் காற்றில் ஓட்டுகிறார். இதில் அலைப் போட்டி தனி வகை. கரையிலிருந்து வெளியே போகும்போது எதிர்வரும் அலையை ஏறுபலகையாக வைத்துத் தாவ வேண்டும். திரும்பி வரும்போது அதே அலையின் முகத்தில் சறுக்கி வளைய வேண்டும். தாவலுக்கும் சவாரிக்கும் நடுவர்கள் கரையில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்கள். ஆகவே காற்று மட்டும் இருந்தால் போதாது, அலை மட்டும் இருந்தாலும் போதாது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், சரியான கோணத்தில் சேர வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு வீட்டாரும் ஒரே முகூர்த்தத்தில் வந்து சேர்வது மாதிரி; இங்கே இரண்டு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

எடுத்துக்காட்டுக்கு நான் கூட்டிப்போகும் இடம் டைரீ. ஸ்காட்லாந்தின் மேற்கே, அட்லாண்டிக்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஒன்று. நீளம் 19 கிலோமீட்டர். மக்கள்தொகை 650 அளவில். மரம் என்று சொல்ல அதிகம் இல்லை. மிக உயர்ந்த குன்றே 141 மீட்டர்தான் என்பதால் அட்லாண்டிக் காற்றை மறிக்க ஒன்றும் கிடையாது. பிபிசி வானொலியில் கப்பல்களுக்காக வாசிக்கும் வானிலை அறிக்கையின் கரையோர நிலையங்களில் 'டைரீ ஆட்டோமேட்டிக்' என்ற பெயர் வரும். பிரிட்டனில் படகு வைத்திருப்பவர்களுக்கு மனப்பாடமான பெயர். இந்தத் தீவில் 1980களிலிருந்து அக்டோபர் மாதத்தில் டைரீ வேவ் கிளாசிக் என்ற அலைப் போட்டி நடந்து வருகிறது.

அக்டோபர் ஏன்? இலையுதிர் காலத்தில் அட்லாண்டிக் தாழ்வழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கும். கடல் நீரில் கோடையின் வெதுவெதுப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஆனால் பகல் சுருங்கிவிடும். மாத நடுவில் சூரியன் எழுவது காலை எட்டு மணி வாக்கில், மறைவது மாலை ஆறேகால் வாக்கில். இந்தப் பத்து மணி நேரம்தான் அமைப்பாளரின் கையிருப்பு. அதிலும் ஓதம் பாதியைப் பிடுங்கிக்கொள்ளும்.

ஓதம் என்றால் இங்கே பலருக்குப் பெரிய விஷயமாகத் தோன்றாது. காரணம் இருக்கிறது. சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில்கூட நீர்மட்டம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் ஏறி இறங்கும். மெரினாவில் மாலை உலாவுகிறவர் அதைக் கவனிப்பதே இல்லை. டைரீயில் அதே நாட்களில் மூன்றரை மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். காலையில் பாறைமேல் இடிக்கிற தண்ணீர், பிற்பகலில் வெகுதூரம் தள்ளிப்போய் மணல்திட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். நீர் முழுதாக ஏறியிருக்கும்போது அலை கரையோரச் சரிவில் வந்து ஒரேயடியாக மடாரென்று விழும். பலகையையும் பாய்மரத்தையும் உடைக்கிற அலை அது. முழுதாக வற்றியிருக்கும்போது எங்கோ வெளித்திட்டில் உடைந்து நுரையாகக் கரை வந்து சேரும். சவாரிக்கு ஏற்ற அலை, பல கடற்கரைகளில், இந்த இரண்டுக்கும் நடுப்பட்ட சில மணி நேரங்களில்தான் கிடைக்கும்.

நல்ல செய்தி, ஓதம் பொய் சொல்லாது. நிலாவும் சூரியனும் கணக்கில் அடங்கியவை. 1872இல் கெல்வின் பிரபு, அன்றைக்கு வில்லியம் தாம்சன், பற்சக்கரங்களும் கப்பிகளும் கொண்ட ஓதக் கணிப்பு இயந்திரத்தை வடிவமைத்ததிலிருந்து, அடுத்த வருஷத்து நீர்மட்டத்தை நிமிஷக் கணக்கில் முன்கூட்டியே அச்சடிக்கிறார்கள். கெட்ட செய்தி, காற்றுக்கு அப்படி அட்டவணை இல்லை. ஐந்து நாளுக்கு முன் ஒரு சாடை தெரியும், இரண்டு நாளுக்கு முன் ஓரளவு நம்பலாம், அன்று காலையில்தான் உறுதி. ஒன்று வருஷக் கணக்கில் தெரிகிறது, மற்றது மணிக் கணக்கில் தெரிகிறது. அலைப் போட்டி நடத்துகிறவரின் சாமர்த்தியம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. தேதியை நிலாவைப் பார்த்துக் குறிக்க வேண்டும். கடற்கரையைக் காற்றைப் பார்த்துக் கடைசியில் முடிவுசெய்ய வேண்டும். இந்த வரிசையை மாற்றிக்கொள்கிற போட்டிகள்தான் தடுமாறுகின்றன என்பது என் எண்ணம்.

தேதி குறிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஓதம் தினமும் சுமார் ஐம்பது நிமிஷம் பின்தள்ளிப் போகும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் ஓர் ஊரில் பெரிய ஓதம் வருகிற நாட்களில் உயர்நீர் எப்போதும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் வரும் என்பது அவ்வளவாகத் தெரியாது. நிலாவும் சூரியனும் ஒரே கோட்டில் இருந்தால்தானே பெரிய ஓதம். அப்போது கடிகாரமும் சேர்ந்தே ஓடுகிறது. டைரீ பக்கத்தில் பெரிய ஓத நாட்களில் காலை ஏழு மணி வாக்கில் நீர் நிறைந்திருக்கும். பிற்பகல் ஒரு மணி வாக்கில் அடியோடு வற்றும். அதாவது பகலின் நடுமத்தியில் கடற்கரை காலி. சிறிய ஓத நாட்களில் இது தலைகீழ். ஏற்றம் பகல் நடுவில் வரும், ஆனால் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிய ஓதத்தில் பாதிகூட இருக்காது. தண்ணீர் நடுமட்டத்தை ஒட்டியே நாள் முழுக்க அசைந்துகொண்டிருக்கும். என்னைக் கேட்டால், ஊர்ப் போட்டிக்கு அதுதான் உத்தமமான நாள். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சிறிய ஓதம் அரைநிலா கழிந்து ஓரிரு நாளில் வருவது. நம் பஞ்சாங்கத்தில் அதற்கு நவமி, தசமி என்று பெயர். அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அலைப் போட்டி தொடங்க அதைவிட நல்ல நாள் இல்லை! (சிரிப்பு)

நிலாவைப் பார்த்து நாள் குறித்து, காற்றைப் பார்த்துத் தள்ளிவைத்த இன்னொரு காரியத்தை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். 1944 ஜூனில் நார்மண்டி கடற்கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்கியது. விடிந்த சற்று நேரத்தில் நீர் தாழ்ந்திருக்க வேண்டும், கடலடியில் ஜெர்மானியர் நட்ட தடைகள் தெரிய. முந்தைய இரவில் விமானப் படைக்கு நிலவொளி வேண்டும். இரண்டும் சேர்ந்தது ஜூன் 5, 6, 7 ஆகிய மூன்று நாட்களில்தான். அந்த ஓதக் கணக்கைப் போட்டவர் லிவர்பூலில் ஆர்தர் டூட்சன், கெல்வின் வழிவந்த இயந்திரங்களை வைத்து. ஆனால் 5ஆம் தேதிக்குப் புயல் வருகிறது என்று வானிலைத் தலைவர் ஜேம்ஸ் ஸ்டாக் சொன்னதால், நேசநாட்டுத் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் ஒரு நாள் தள்ளினார். இந்தக் கதையில் டைரீக்கும் பங்கு உண்டு. அந்த வருஷங்களில் பிரிட்டிஷ் விமானப்படையின் 518ஆம் பிரிவு இந்தத் தீவிலிருந்துதான் ஹாலிஃபாக்ஸ் விமானங்களில் அட்லாண்டிக்கின் நடுவரை பறந்து காற்றையும் அழுத்தத்தையும் அளந்து கொண்டுவந்தது. இன்று பாய்மரம் கட்டிய பலகையோடு வருகிறவர்களும் அதே விமான தளத்தைத் தாண்டித்தான் கடற்கரைக்குப் போகிறார்கள்.

சரி, நாள் குறித்தாயிற்று. இனி இடம்.

டைரீயின் அதிர்ஷ்டம் அதன் வடிவம். சுற்றிலும் மணல் வளைகுடாக்கள். மேற்கே தி மேஸ், வடமேற்கே பாலெவுலின், தென்மேற்கே பாலஃபுல், தெற்கே கிராஸபோல், கிழக்கே காட் பே. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும், அதைக் கரைக்கு இணையாகப் பெறும் கடற்கரை ஒன்று இருக்கும். அலைச் சவாரிக்குக் கரைக்கு இணையான காற்றே மேல். கரையை நோக்கி நேராக வீசினால் அலை முகம் கசங்கிவிடும். கரையிலிருந்து கடலுக்கு வீசினால் அலை கண்ணாடியாக நிற்கும், பார்க்க அழகு. ஆனால் பாய்மரம் உடைந்தவனை அது அமெரிக்காவுக்கு அனுப்பிவிடும். சற்றே வெளிநோக்கிச் சாய்ந்த காற்றைத்தான் வீரர்கள் விரும்புவார்கள், மீட்புப் படகுக்காரர்கள் வெறுப்பார்கள்.

ஒரு தாழ்வழுத்தம் வடக்கே கடந்து போகும்போது காற்று ஒரே பக்கத்தில் நிற்காது. முதலில் தெற்கு, பிறகு தென்மேற்கு, குளிர்முனை, அதாவது பின்னால் வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு, கடந்ததும் சட்டென்று மேற்கு அல்லது வடமேற்கு. ஒரே நாளில் மூன்று கடற்கரைகள். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் வண்டிகள் ஒற்றைத்தடச் சாலையில் வரிசையாகப் போக வேண்டும். நடுவர் மேடை, ஒலிபெருக்கி, கொடிக்கம்பம் எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி நட வேண்டும். ஒன்றரை மணி நேரம் போய்விடும். ஒன்றரை மணி என்றால் ஆறு ஹீட்; ஹீட் என்பது சிலர் ஒன்றாக இறங்கி மோதும் ஓர் ஆட்டம். அதனால் நல்ல அமைப்பாளர் குளிர்முனை வரும் நேரத்தைப் பார்த்து, காலையிலேயே அது போன பின்புள்ள கடற்கரையில் போய் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சும்மா இருப்பார். வீரர்கள் முணுமுணுப்பார்கள். 'பக்கத்துக் கடற்கரையில் இப்போது அருமையான காற்று, ஏன் காத்திருக்கிறோம்?' அந்த முணுமுணுப்பைத் தாங்கும் தோல் இல்லாதவர் இந்த வேலைக்கு வரக் கூடாது.

வண்டி நிறுத்துவதிலும் ஒரு சங்கடம். கடற்கரைக்குப் பின்னால் பச்சைப் பசேலென்று கிடக்கும் புல்வெளிக்கு மக்கர் என்று பெயர். சிப்பித்தூள் மணல் காற்றில் பறந்துவந்து படிந்து உண்டான நிலம். கோடையில் பூவாகப் பூக்கும். தீவின் சிறு விவசாயிகள் ஆடுமாடு மேய்ப்பது அங்கேதான். ஈரத்தில் நாலு வேன் ஏறி இறங்கினால் புல் கிழிந்து மணல் பறக்கத் தொடங்கிவிடும். ஊர்க்காரர்களின் சம்மதம் இல்லாமல் அங்கே போட்டி நடக்காது. அந்தச் சம்மதம் ஒரு டயர்த் தடத்தில் போய்விடக்கூடியது.

அலையைப் பற்றி ஒன்று. அங்கே அடிக்கும் காற்று எழுப்பிய அலை வேறு, தொலைவிலிருந்து வரும் எழுச்சி வேறு. நம் பக்கம் கள்ளக்கடல் என்று எச்சரிக்கை விடுகிறார்களே, உள்ளூரில் காற்றே இல்லாதபோது கடல் பொங்குகிறதே, அந்த வகை இரண்டாவது. அலைக்கு அலை 14 விநாடி இடைவெளியுள்ள எழுச்சி ஆழ்கடலில் மணிக்கு 21 கடல்மைல் அளவில் நகரும். ஆயிரம் கடல்மைலுக்கு அப்பால் கிளம்பியது இரண்டு நாளில் வந்து சேரும். அந்த எழுச்சியும் உள்ளூர்க் காற்றும் ஒரே பகலில் சந்திக்கும் நாளைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. 32 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு ஹீட்டில் நாலு பேர், இரண்டு பேர் மேலே போகலாம். முதல் சுற்றில் எட்டு ஹீட், அடுத்து நாலு, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. மொத்தம் பதினைந்து. ஹீட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம், ஆள் மாற மூன்று நிமிஷம். ஆக மூன்றே முக்கால் மணி நேரம். பெரிய ஓத நாள். காலை ஏழுக்கு நீர் நிறைந்து, ஒன்றுக்கு வற்றுகிறது. நல்ல அலை எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை. மூன்று மணி நேரம், பன்னிரண்டு ஹீட். முதல் இரண்டு சுற்றும் அப்படியே அடங்கும். அரையிறுதியும் இறுதியும் பிற்பகல் நீர் ஏறும்போது. காகிதத்தில் பிரமாதமாக இருக்கிறது.

கடலில் அப்படி இல்லை. மாலுமிகள் பன்னிரண்டில் பங்கு என்று ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். ஆறு மணி நேர வற்றத்தில் முதல் மணியில் மொத்தத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு இறங்கும், இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றிலும் நாலிலும் மும்மூன்று பங்கு, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. 3.6 மீட்டர் வற்றம் என்றால் ஒன்பதிலிருந்து பத்துக்குள் மட்டும் 90 சென்டிமீட்டர். அறுபதுக்கு ஒன்று என்று சாய்ந்த மணலில் தண்ணீர் விளிம்பு 54 மீட்டர் ஓடிவிடும். ஒன்பது மணி ஹீட்டில் ஆடியவருக்கும் பத்து மணி ஹீட்டில் ஆடியவருக்கும் ஒரே கடல் இல்லை. பழகிய அமைப்பாளர் தண்ணீர் விளிம்பில் கால் மணிக்கு ஒரு குச்சி நடுவார். மணலில் அந்தக் குச்சி வரிசையைப் பார்த்தாலே நீர் எப்போது வேகமெடுத்தது, எப்போது தளர்ந்தது என்று தெரிந்துவிடும்.

இதற்குத் தீர்வு முழுமையாகக் கிடையாது. ஆனால் ஓரளவு நியாயம் செய்யலாம். ஒரே ஹீட்டில் மோதும் நாலு பேருக்கும் ஒரே தண்ணீர்தான். எனவே வெவ்வேறு ஹீட்டின் மதிப்பெண்களை ஒப்பிட்டு யாரையும் மேலே தூக்கக் கூடாது. சுற்றைப் பாதியில் நிறுத்தி மறுநாள் வேறு கடற்கரையில் தொடரக் கூடாது. முடிக்க முடியாது என்று தெரிந்தால் அந்தச் சுற்றைத் தொடங்கவே வேண்டாம். தாவல் எத்தனை, சவாரி எத்தனை கணக்கில் வரும் என்பதைச் சுற்று தொடங்குமுன் கடலைப் பார்த்துத் தலைமை நடுவர் அறிவித்துவிட வேண்டும். காற்று கரையை நோக்கிச் சாய்ந்து, அலை கசங்கிய நாளில் தாவலுக்கு இடம் கூட்டலாம். காற்று மெலிந்து அலை அழகாக நிற்கும் நாளில் சவாரி மட்டும் போதும். குளிர்முனைக்குப் பின்னால் வரும் மழைமேகக் காற்றுதான் பெரிய தொல்லை. பத்து நிமிஷத்துக்குள் மணிக்கு 15 கடல்மைலிலிருந்து 30க்கு ஏறும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால் பாயில் விழும் இழுப்பு நாலு மடங்கு. சரியான அளவுப் பாயைத் தேர்ந்தவன் வென்றான் என்று ஆகிவிடும். அன்று ஹீட்டின் நேரத்தைக் கூட்டி, சிறந்த ஒன்றிரண்டை மட்டும் எண்ணினால் அதிர்ஷ்டத்தின் பங்கு குறையும்.

அச்சடித்த ஓத அட்டவணை பொய் சொல்லாது என்று சொன்னேன். ஒரு திருத்தம். அது வானிலையைக் கணக்கில் எடுப்பதில்லை. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். 970க்கு இறங்கிய புயல் நாளில், சாதாரண 1013ஐ ஒப்பிட, அட்டவணையைவிட 40 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் அதிகம். காற்று கரையில் குவிக்கும் நீர் தனி. நல்ல காற்று வரும் நாளில்தான் அட்டவணை தவறும். பிரிட்டிஷ் ஓத அட்டவணைகள் பல கிரீன்விச் நேரத்தில் அச்சாகின்றன என்பது இன்னொரு பொறி. கோடை நேரத்தில் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் பின்னுக்குத் திரும்பும். போட்டி வாரம் அந்த ஞாயிறைத் தாண்டினால், அறிவிப்புப் பலகையில் எந்த நேரம் எழுதியிருக்கிறது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும்.

'தேதியே குறிக்காமல், நல்ல நாள் வரும்போது கூப்பிட்டால் என்ன?' என்று கேட்கலாம். செய்திருக்கிறார்கள். ரெட் புல் ஸ்டார்ம் சேஸ் என்ற போட்டி பத்தாம் எண் காற்று, அதாவது முழுப் புயல், வரும் இடத்துக்கு வீரர்களைப் பறக்கவைத்தது. 2013 ஜனவரியில் அயர்லாந்தின் பிராண்டன் பே, ஆகஸ்டில் டாஸ்மேனியாவின் மாராவா, 2014 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கார்ன்வால். வென்றவர் பிரான்ஸின் தாமா ட்ராவெர்சா. ஹவாயில் அலைச்சறுக்கு வீரர் எடி ஐக்காவ் நினைவாக நடக்கும் போட்டியும் அலை போதிய உயரம் எழுந்தால் மட்டுமே நடக்கும். பல வருஷம் நடக்காமலே போகும். 2023இல் அதை வென்ற லூக் ஷெப்பர்ட்சன் அன்று அதே கடற்கரையில் உயிர்காப்பாளராகப் பணியில் இருந்தவர்; ஹீட்டுகளுக்கு மட்டும் இடைவேளை வாங்கிக்கொண்டு இறங்கினார். கேட்கச் சுவையான கதைதான். ஆனால் ஊர்ப் போட்டிக்கு வருகிறவர்கள் பள்ளி ஆசிரியர், குழாய் பழுதுபார்ப்பவர், கல்லூரி மாணவர். இரண்டு மாதத்துக்கு முன்பே விடுப்பு எழுதிக் கொடுத்தவர்கள். நாளை காலை வா என்றால் அவர்களால் வர முடியாது. வருவது பணம் உள்ளவர்கள் மட்டும் என்று ஆகிவிடும். அதனால் நான் நிலையான வாரத்தின் பக்கம்.

நிலையான வாரத்துக்கும் டைரீயில் ஒரு வில்லன் உண்டு, கப்பல். ஓபன் துறைமுகத்திலிருந்து கிட்டத்தட்ட நாலு மணி நேரப் பயணம். போட்டிக்கு வேண்டிய அதே காற்று வந்தால் கப்பல் ரத்து. வீரர்கள் அக்கரையில் வண்டிமேல் பலகைகளைக் கட்டிக்கொண்டு நிற்க, இக்கரையில் அருமையான அலை ஆள் இல்லாமல் உடையும். கிளாஸ்கோவிலிருந்து வரும் சிறு விமானத்தில் ஆள் ஏறலாம், பாய்மரம் ஏறாது. ஆகையால் பதிவு நாளுக்கும் முதல் ஹீட்டுக்கும் இடையில் ஒரு நாள் விடுவது நல்லது. கடைசி நாளை வெறுமையாக வைப்பதும் நல்லது. திரும்பும் கப்பல் முன்கூட்டியே கிளம்புகிறது என்றால், இறுதிச் சுற்றை அதற்கு முன் முடிக்க வேண்டியிருக்கும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. கடலோரக் காவலுக்கு முன்கூட்டியே தகவல். தண்ணீரில் எப்போதும் ஜெட் ஸ்கீ ஒன்று. கடலுக்குள் போனவர் எத்தனை, திரும்பியவர் எத்தனை என்று ஒருவர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். வெளிநோக்கிய காற்றும் வற்றும் ஓதமும் சேரும் நேரத்தில் அந்தக் கணக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் சரியாக இருக்க வேண்டும். சிவப்புக் கொடியை உயர்த்தும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். உயர்த்தியதற்கு அவரிடம் யாரும் காரணம் கேட்க வேண்டாம்.

கடைசியாக, வாரம் முழுவதும் காற்றே வராவிட்டால்? வரும், இந்தக் கேள்வி கட்டாயம் வரும். முதல் சுற்றிலிருந்து இறுதிவரை ஒரு முறையாவது முழுதாக முடியாவிட்டால் முடிவு இல்லை, பரிசு இல்லை என்று முதல் நாள் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். உலக அளவிலான போட்டிகளிலும் 'முடிவு இல்லை' என்று அறிவித்துவிட்டுப் பிரிந்த வாரங்கள் உண்டு. பரிசுப் பணத்தை என்ன செய்வது, அடுத்த வருஷத்துக்கு வைப்பதா, வந்தவர்களுக்குச் சமமாகப் பிரிப்பதா என்பதையும் அப்போதே முடிவுசெய்ய வேண்டும். காற்று இல்லாத வெள்ளிக்கிழமை மாலையில் அதைப் பேச உட்கார்ந்தால் பேச்சு முடியாது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.